பாப் அவர்களின் சம்மதம்

2018ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் தேதி, திங்கட்கிழமை, விக்டோரியா மாநிலத்தின் வடக்கே காரபீன் நகரில் உள்ள மர்ரே சமவெளிப் பல்கலைக்கழகத்தில், குதிரை மருத்துவத் துறையும் மனிதர்களுக்கான உடற்பயிற்சி மறுவாழ்வுத் துறையும் ஒன்றாக இணைக்கப்பட்டன. புதிய துறைக்கு ‘அசைவியல் புலம்’ என்று பெயர்.

அன்று மதியம் கேக் வெட்டினார்கள். கேக்கின் ஒரு பாதி ஓடும் மனிதன், மறுபாதி ஓடும் குதிரை. மனிதப் பாதி கால்மணி நேரத்தில் தீர்ந்தது. குதிரைப் பாதியை மறுநாள் காலை துப்புரவுப் பணியாளர்கள் எடுத்துக் குப்பையில் போட்டார்கள்.

டாக்டர் ரோவேனா பாஸ்கோவுக்கு அந்தக் கேக்கில் ஒரு துண்டும் கிடைக்கவில்லை. அவர் லாயத்தில் இருந்தார். முதலில் குதிரை வைத்தியராகவும் பிறகு உடற்பயிற்சி உடலியல் ஆராய்ச்சியாளராகவும் ஆனவர். வயது நாற்பத்து மூன்று. ஆறு வருடங்களாக அவர் ஒரே ஒரு கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். காலில் தசைநாண் கிழிந்த குதிரையை எவ்வளவு ஆழத் தண்ணீரில் நடக்கவிட வேண்டும்? இதைக் கண்டுபிடிக்கத்தான் பல்கலைக்கழகம் ஒரு தண்ணீர் டிரெட்மில் வாங்கியிருந்தது. நீளமான கண்ணாடித் தொட்டி, அடியில் ஓடும் பட்டை. குதிரை உள்ளே நின்றதும் தண்ணீர் ஏறும். தண்ணீர் குறைந்தால் காலுக்குச் சுமை அதிகம். கூடினால் குதிரை பாதி மிதக்கும், காலுக்கு வேலையே இருக்காது. வேலை செய்யாத தசைநாணும் ஆறத்தான் செய்யும், ஆனால் சிக்குப்பிடித்த கயிறுபோல ஆறும். அதன்பிறகு அந்தக் குதிரை ஒழுங்காக நடக்காது.

ஆராய்ச்சியின் முதல் குதிரை பாப். பந்தயத்தில் அதன் பெயர் கிராண்ட் சம்மன்ஸ். முப்பத்தொரு பந்தயம் ஓடி ஒன்றில் ஜெயித்த குதிரைக்கு அந்தப் பெயர் அதிகம் என்று, அதை வாங்கிய கெவ் டிரெலோர் தன் லாயத்தில் பாப் என்றே கூப்பிட்டார். கெவ் அறுபத்தெட்டு வயது, பால் பண்ணையை விற்றுவிட்டு ஓய்வில் இருப்பவர், வலது முழங்காலில் உலோக மூட்டு. சனிக்கிழமைகளில் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்குக் குதிரையேற்றம் சொல்லிக்கொடுக்கும் சங்கத்துக்கு பாப்பைக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். ஏப்ரலில் புல்வெளியில் ஒரு முயல் வளையில் கால் இடறி, பாப்பின் முன்னங்கால் தசைநாண் கிழிந்தது. மூன்று மாதம் லாயத்தில் ஓய்வு. ஜூலையில் தண்ணீர் நடை தொடங்க வேண்டும். செப்டம்பரைத் தாண்டினால் தொடங்கியும் பயனில்லை.

கெவ் இதைத் தன் பாணியில் சொல்லிவிட்டார்.

“டாக்டரம்மா, எனக்கு நீட்டி முழக்கத் தெரியாது. நவம்பர்ல வசந்தம் முடியறதுக்குள்ள அவன் நேரா நடந்தான்னா சனிக்கிழமைப் பிள்ளைங்களுக்கு. நடக்கலேன்னா, வலியோட அவனை நிக்கவெச்சுப் பாத்துட்டு இருக்க என்னால முடியாது. ஒரேயடியா முடிக்கிற ஊசி போட ஆளைக் கூப்பிட்டுருவேன்.”

அந்த ஊசியை யார் போடுவார் என்று அவர் சொல்லவில்லை. ஐம்பது மைல் சுற்றளவில் குதிரைக்கு ரோவேனாவை விட்டால் வேறு ஆள் கிடையாது.

இணைப்புக்குப் பிறகு எல்லா ஆராய்ச்சிகளுக்கும் ஒரே இணையப் படிவம் வந்தது. பெயர் ‘பாதை’, நூற்றுப்பதினெட்டுக் கேள்விகள். பழைய குதிரைத் துறைப் படிவத்தின் முதல் கேள்வி ‘விலங்கின் வகை’ என்பது. புதியதில் அது இல்லை. படிவத்தை வடிவமைத்த ஆலோசனை நிறுவனம், பங்கேற்பாளரை ‘நீங்கள் எந்த வகை’ என்று கேட்பது பாகுபாடு எனக் கருதி நீக்கிவிட்டது. ரோவேனா பெயருக்கான கட்டத்தில் பாப் என்று எழுதினார். வயது ஒன்பது. எடை ஐந்நூற்று இருபது கிலோ. ஓய்வில் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு முப்பத்து நான்கு.

திரை சிவப்பானது. பங்கேற்பாளர் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர், பாதுகாவலரின் கையெழுத்து தேவை என்றது.

உதவி மையத்துக்குத் தொலைபேசியில் அழைத்தபோது எடுத்த பெண் நல்ல மாதிரி. குதிரை என்பதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, இப்போதைக்குக் குழந்தைகளுக்கான இணைப்புப் படிவத்தை நிரப்பிவிடுங்கள், பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்றாள். அரசாங்கக் காரியத்தில் ‘பிறகு’ என்ற சொல்லை நம்பிக் கெட்டவர்களின் பட்டியல் நீளம். ரோவேனாவுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். ஆனால் ஜூலைக்கு ஐந்து வாரமே இருந்தது. அவர் படிவத்தைக் கெவ்விடம் கொடுத்தார்.

கெவ் வாழ்நாளில் வரிப் படிவத்தில்கூடப் பொய் எழுதாதவர். சமையலறை மேசையில் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கேட்டதற்கு மட்டும் பதில் எழுதினார். பிள்ளை பெற்றோருடன் வசிக்கிறாரா? இல்லை. தாய் எங்கே? விற்கப்பட்டுவிட்டாள். தந்தை? ஹண்டர் பள்ளத்தாக்கில், இனப்பெருக்கப் பண்ணையில். உடன்பிறந்தோர் எத்தனை பேர்? தந்தை வழியில் அறுநூற்றுப் பன்னிரண்டு, இந்த வருடக் கணக்கு இன்னும் வரவில்லை. பள்ளி செல்கிறாரா? இல்லை. எங்கே தூங்குகிறார்? தகரக் கொட்டகையில், மரத்தூள் மேல், பெரும்பாலும் நின்றபடி. எப்போதாவது அடிக்கப்பட்டிருக்கிறாரா? கடைசிப் பந்தயத்தில் கடைசி நூறு மீட்டருக்கு முன்பு ஆறு முறை. ஐந்துக்கு மேல் அடிக்கக்கூடாது என்பதால் ஜாக்கிக்கு அபராதம்.

எல்லாம் நூற்றுக்கு நூறு உண்மை.

ஜூன் 4ஆம் தேதி ‘பாதை’ தானாகவே குழந்தைகள் நலத் துறைக்குப் புகார் அனுப்பியது.

ரோவேனா புலத்தின் இணைத் தலைவரைப் பார்க்கப் போனார். பேராசிரியர் கிரஹாம் ஆட்லி, பங்கேற்பாளர் அனுபவத்துக்குப் பொறுப்பானவர். ஒரு காலத்தில் கால்பந்து வீரர்களின் தொடைத்தசைப் பிடிப்பை நீவிச் சரிசெய்து பெயர் வாங்கியவர். கடைசியாக ஒரு நோயாளியைத் தொட்டு பத்தொன்பது வருடம் ஆகியிருந்தது. அவர் ரோவேனாவுக்குத் தானே காபி கலந்து கொடுத்தார். முழுக்கக் கேட்டார். வருத்தப்பட்டார்.

“ரோவேனா, பாப் ஒரு குதிரைன்னு உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஆனா நமக்குத் தெரிஞ்சதை வெச்சு முடிவெடுக்க ஆரம்பிச்சோம்னா, அப்புறம் எதுக்கு இந்த அமைப்பு? ஆளாளுக்குக் கண்ணால பாத்தே முடிவு பண்ணிடுவாங்களே.”

புகாரைத் திரும்பப் பெற முடியுமா என்று ரோவேனா கேட்டார். பெறலாம், பங்கேற்பாளர் நேரில் வந்து கோரினால் போதும் என்றார் ஆட்லி.

குழந்தைகள் நலத் துறையிலிருந்து கார்லா ஃபால்செட்டா என்ற அதிகாரி எழுபது மைல் கார் ஓட்டிக்கொண்டு வந்தார். கெவ் அவரை லாயத்துக்கு அழைத்துப் போய் பாப்பைக் காட்டினார். கார்லா வேலியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

“என் லிஸ்ட்ல நாப்பத்தோரு நிஜப் பிள்ளைங்க இருக்காங்க. அதுல ஒருத்தன் மூணு நாளாச் சாப்பிடலேன்னு பக்கத்து வீட்டுக்காரங்க நேத்து போன் பண்ணாங்க. அவனை விட்டுட்டு நான் இங்க வந்திருக்கேன், ஏன்னா உங்க யுனிவர்சிட்டி அனுப்புற புகாருக்கு முன்னுரிமை.”

கெவ் தேநீர் தரவா என்று கேட்டார். அவர் வேண்டாம் என்றார். அவர் கையிலிருந்த படிவத்தில் ‘பிள்ளை வீட்டில் இல்லை’, ‘பிள்ளையைப் பார்த்தேன், ஆபத்தில் இருக்கிறது’, ‘பிள்ளையைப் பார்த்தேன், நலம்’ என்று மூன்று கட்டங்கள்தான் இருந்தன. மூன்றாவதில் குறி போட்டு, குறிப்பில் ‘நன்றாகச் சாப்பிடுகிறது’ என்று எழுதிவிட்டு அவசரமாகக் கிளம்பினார்.

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் ‘பாதை’ நலமான பிள்ளைகளின் எடையையும் படிக்கும். பத்து நாளில் சிறார் உடல்பருமன் மையத்திலிருந்து கடிதம் வந்தது. பாப் சர்க்கரைப் பானங்களைத் தவிர்க்க வேண்டும். தினமும் அறுபது நிமிடம் மூச்சுவாங்க ஓடியாட வேண்டும். கிழிந்த தசைநாணோடு அறுபது நிமிடம் ஓடினால் மிச்சமிருப்பதும் கிழியும். இந்தக் கடிதத்துக்கு எழுத்துமூலம் மறுப்புச் சொல்லாவிட்டால் பராமரிப்பில் அலட்சியம் என்று பதிவாகும். ரோவேனா நான்கு பக்கம் மறுப்பு எழுதினார். ஜூலை பிறந்தது. டிரெட்மில் உறை போட்டபடி நின்றது.

ஜூலை 10ஆம் தேதி நெறிமுறைக் குழு கூடியது. ஒன்பது உறுப்பினர்கள், இரண்டு தட்டுச் சாண்ட்விச். பயிற்சியின் கடுமையைப் பங்கேற்பாளர் தன் வாயால் ஆறிலிருந்து இருபதுக்குள் ஓர் எண்ணாகச் சொல்ல வேண்டும் என்பது மனிதத் துறையின் பழைய விதி. அந்த எண் ஏன் விண்ணப்பத்தில் இல்லை என்று கேட்டார்கள். இதயத் துடிப்பை அளக்கலாம், மூச்சை எண்ணலாம், காது எப்படி நிற்கிறது என்று பார்த்தாலே தெரியும் என்று ரோவேனா விளக்கினார். ஆட்லி கையை மெல்ல உயர்த்தினார்.

“இது எல்லாம் நாம பாப் அவர்களைப் பத்திச் சொல்றது. பாப் அவர்கள் என்ன சொல்றாரு? அவரோட குரல் இந்த விண்ணப்பத்துல எங்க இருக்கு?”

ஒன்பது பேரும் தலையை ஆட்டினார்கள். பேச வராத பிள்ளைகளுக்குப் பயன்படும் முகப்பட அட்டை ஒன்றைக் குழு பரிந்துரைத்தது. சிரிக்கும் முகம் முதல் அழும் முகம் வரை ஐந்து முகங்கள். ரோவேனா அதை பாப்பின் முன் நீட்டினார். சாட்சிக்குச் செயலாளர் ஒருவர் நின்றார். பாப் அட்டையை முகர்ந்து பார்த்து, அழும் முகம் இருந்த பக்கத்தைக் கடித்துத் தின்றுவிட்டது.

‘மிகவும் கடினம் என்ற மதிப்பீட்டைப் பங்கேற்பாளர் ஏற்க மறுத்தார்’ என்று செயலாளர் எழுதிக்கொண்டார். குழுவுக்கு அது முழுத் திருப்தி. இறுதி ஒப்புதல் ஆகஸ்ட் முதல் வாரத்தில் என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். அன்று ரோவேனா டிரெட்மில்லின் உறையைக் கழற்றித் தொட்டியைத் தானே கழுவினார். எட்டு வாரம் மிச்சமிருக்கும். எட்டு வாரம் போதும்.

ஆகஸ்ட் 1ஆம் தேதி தென்பாதி உலகத்துப் பந்தயக் குதிரைகள் எல்லாவற்றுக்கும் பிறந்தநாள். எப்போது பிறந்த குட்டியானாலும் அந்தத் தேதியில்தான் ஒரு வயது கூடும். வயதுவாரியாகப் பந்தயம் நடத்த வசதி. குதிரை வைத்திருப்பவர்கள் வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். அன்று காலை கெவ் வழக்கம்போல பாப்புக்கு ஒரு வாளி கேரட் கொடுத்தார். பிறகு உள்ளே வந்து, பாதுகாவலர் விவரங்களை உடனுக்குடன் புதுப்பிக்க வேண்டும் என்று படிவத்தில் படித்தது நினைவுக்கு வர, பாப்பின் வயதைப் பத்து என்று மாற்றினார்.

பதிவுச் சான்றிதழில் பாப் பிறந்தது 2008 அக்டோபர் 27. ‘பாதை’ கணக்குப் போட்டுப் பார்த்தது. வயது பொருந்தவில்லை. அடையாள முரண்பாடு என்று கோப்பு உறைந்தது.

மறுநாளே அவசரக் கூட்டம். ரோவேனா ஆகஸ்ட் முதல் தேதியைப் பற்றி விளக்கினார். ஒரு மூத்த உறுப்பினர், நாடு முழுக்க இத்தனை ஆயிரம் பேர் ஒரே நாளில் பிறந்ததாகச் சொல்வது மோசடியின் பாலபாடம் அல்லவா என்றார். ரோவேனா ஆட்லியைத் திரும்பிப் பார்த்தார். ஆட்லிக்கு ஒரு பந்தயக் குதிரையில் பத்தில் ஒரு பங்கு உண்டு. அறைச் சுவரில் அதன் படம் தொங்குகிறது.

“கிரஹாம், உங்க குதிரைக்கு எப்ப பிறந்தநாள்?”

ஆட்லி தயங்கவில்லை. “ஆகஸ்ட் ஒண்ணு. ஆனா அது விளையாட்டு, ரோவேனா. அங்க கோடிக்கணக்குல புழங்குது, அதனால எல்லாரும் ஒத்துக்கிட்ட ஒரு ஏற்பாடு இருக்கு. இது ஆராய்ச்சி. இங்க உண்மை வேணும்.”

விசாரணைக்கு ஆறு வாரம் என்று முடிவானது. குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்ததாம் என்பார்கள். இங்கே குதிரை சும்மா நின்றது. தள்ளியதும் பறித்ததும் நிர்வாகம்.

ரோவேனா கெவ்வுக்குத் தொலைபேசியில் செய்தியைச் சொன்னார். கெவ் எத்தனை ஆழம் என்று மட்டும் கேட்டார். எதற்கு என்றார் ரோவேனா. வீட்டுக்குப் பக்கத்து ஆற்றில் பாப்போடு எங்கே நிற்க வேண்டும் என்று தெரிய வேண்டாமா என்றார் கெவ். ரோவேனா வேண்டாம் என்று மன்றாடினார். ஆற்றுக்குத் தரை சமமில்லை. ஒரு குழியில் கால் போனால் தசைநாண் மொத்தமாக அறும். அதோடு, விசாரணையில் இருக்கும் பங்கேற்பாளருக்குத் தான் பயிற்சி கொடுத்தால் தன் வேலை போகும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ரோவேனா ஆற்று வளைவுக்குப் போனபோது, கெவ் உலோக மூட்டோடு குளிர்ந்த தண்ணீரில் நின்று பாப்பின் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். பாப் வயிறு நனைய நின்றது. அவ்வளவு ஆழம் கூடாது. இன்னும் இரண்டு மீட்டர் கரைப்பக்கம் வந்தால் சரியான ஆழம். ரோவேனா கரையில் நின்று பார்த்தார். ஆறு வருடப் படிப்பு அந்த இரண்டு மீட்டரில் இருந்தது.

“என்ன டாக்டரம்மா, வேடிக்கை பாக்க வந்தீங்களா, இல்ல வேலையா?” என்றார் கெவ்.

ரோவேனா செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். முதலில் பாப் இல்லாமல் நாற்பது மீட்டர் தூரம் ஆற்றுத் தரையைக் காலாலேயே தடவி நடந்தார். கற்களைப் பொறுக்கிக் கரையில் எறிந்தார். இரண்டு குழிகளுக்குப் பக்கத்தில் குச்சி நட்டார். பிறகு பாப்பின் முழங்கால் மட்டத்துக்கு வழியைக் காட்டினார். முதல் நாள் ஐந்து நிமிடம். அதன்பிறகு தினமும் காலை ஆறு மணிக்கு வந்து, எட்டரைக்கு ஈரக் காலுறையோடு அலுவலகம் போனார். வாரத்துக்கு மூன்று நிமிடம் கூட்டினார்கள். மழை பெய்து ஆறு ஏறிய நாளில் நிறுத்தினார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, தன் சொந்த ஸ்கேன் கருவியைக் காரில் கொண்டுவந்து லாயத்திலேயே காலைப் பார்த்தார். மூன்றாவது ஸ்கேனில் தசைநாண் இழைகள் சிக்கில்லாமல் ஒரே திசையில் படுக்கத் தொடங்கியிருந்தன. ரோவேனா பாப்பின் கழுத்தைத் தட்டிக்கொடுத்தார்.

ஆகஸ்ட் 21ஆம் தேதி மாநில அமைச்சர் ஒருவர் டிரெட்மில்லைப் பார்க்க வந்தார். ஒப்புதல் பெற்ற குதிரை ஒன்றுகூட இல்லாததால், ஒப்புதல் தேவைப்படாத வயதுவந்த ஊழியர் என்ற முறையில் ஆட்லியே அரைக்கால் சட்டையோடு தொட்டிக்குள் இறங்கி நடந்தார். இரண்டரை நிமிடம் தாங்கினார். துடிப்பு நூற்று அறுபத்தெட்டு. ஆராய்ச்சியின் முதல் தரவு அது.

ஆற்று விஷயத்தைக் காட்டிக்கொடுத்தது கெவ்தான். ‘பாதை’ பாதுகாவலர்களுக்கு மாதாமாதம் கேள்வி அனுப்பும். பங்கேற்பாளர் உடற்பயிற்சி செய்தாரா என்றது. ஆமாம், ஆற்றில் என்று எழுதினார். யார் மேற்பார்வையில் என்றது. டாக்டரம்மா என்று எழுதினார். நுணல் தன் வாயால் கெடும். கெவ் அடுத்தவர் வேலையையும் சேர்த்துக் கெடுத்தார். தெரிந்தபோது அவர் ரோவேனாவின் வீட்டு வாசலுக்கு வந்து தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கேட்டாங்க, சொன்னேன் என்றார். ரோவேனா அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, பொய் சொல்லச் சொல்லி நான் சொல்லித்தரவில்லையே என்றார்.

அக்டோபர் 9ஆம் தேதி ரோவேனா மீது ஒழுங்கு நடவடிக்கை விசாரணை. குற்றச்சாட்டை ஆட்லி வாசித்தார்: பங்கேற்பாளர் உரிய அனுமதியின்றிக் குணமடைந்துள்ளார்.

ரோவேனா தான் செய்ததை மறுக்கவில்லை. தேதிகளைச் சொன்னார். ஸ்கேன் படங்களை மேசைமேல் வைத்தார். அவற்றை யாரும் எடுக்கவில்லை.

“அவன் கால் இப்ப எப்படி இருக்குன்னு இங்க யாராவது கேக்கப் போறீங்களா?” என்றார்.

அது நிகழ்ச்சிநிரலில் இல்லை என்று செயலாளர் தெரிவித்தார். ஆட்லி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் குரலில் கோபமே இல்லை. நிஜமான வேதனை இருந்தது.

“குணமாகறது முக்கியமில்லைன்னு நான் சொல்லவே மாட்டேன். நானும் வைத்தியம் பாத்தவன்தான். ஆனா யோசிச்சுப் பாருங்க. பாப் அவர்கள் இப்ப நல்லா நடக்கறதால, நம்ம டிரெட்மில் அவரைக் குணமாக்கும்னு இனிமே யாராலயும் நிரூபிக்க முடியாது. இந்தப் புலத்துக்குக் கிடைச்சது ஒரே ஒரு கெட்டுப்போன கால். அதை நீங்க வீணாக்கிட்டீங்க, ரோவேனா.”

யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் அதைக் குறித்துக்கொண்டார்.

அந்த ஆண்டறிக்கையில் தண்ணீர் டிரெட்மில்லின் பங்கேற்பாளர் எண்ணிக்கை ஒன்று, திருப்தி நூறு சதவீதம் என்று இருந்தது. நவம்பர் 28ஆம் தேதி பாப் பெயருக்கு ஒப்புதல் கடிதம் வந்தது. அடையாளம் உறுதியானது, பயிற்சியைத் தொடங்கலாம் என்றது. ரோவேனாவின் ஒப்பந்தம் டிசம்பர் 31உடன் முடிந்தது. புதுப்பிக்கப்படவில்லை.

டிசம்பர் 1ஆம் தேதி, சனிக்கிழமை காலை, காரபீன் கண்காட்சி மைதானத்தில் பாப் ஆறு பிள்ளைகளை ஒவ்வொருவராக ஏற்றிக்கொண்டு வளையத்தை இரண்டிரண்டு முறை சுற்றிவந்தது. நொண்டவில்லை.